இதுவா அதுவா? உள்சுவருக்கு இரண்டு கலர் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் போனில் இருக்கும் படங்களில் பாதி அடுத்தவர் வீட்டுச் சுவர்கள். பட்டி பார்த்து முடித்த சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு திட்டு, கீழே ஒரே வரி: "இதுவா அதுவா?" வீட்டு உள்வேலைகளை மேற்பார்வை பார்ப்பதால் எனக்கு இப்படி வந்துகொண்டே இருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் செய்து அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, தெரிந்ததை எழுதி வைக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. ரெண்டு கலர் எடுத்து வச்சிருக்கேன். எது நல்லா இருக்கும்னு மட்டும் சொல்லுங்களேன்?

சொல்ல முடிந்தால் சொல்லிவிடுவேன். எந்தச் சுவர், அதில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது, பக்கத்தில் தரை, கதவு, சோபா என்ன நிறம் என்று தெரியாமல் ஒரு கலரை நல்லது கெட்டது என்று சொல்வது ஜோசியம். கருநீலம் ஒரு அறையில் கம்பீரமாக இருக்கும். அடுத்த அறையில் அதே டப்பா குகை மாதிரி ஆக்கிவிடும்.

உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். "இந்த இரண்டும் என் அறையில் ஒன்றுக்கொன்று என்ன செய்யும்?" என்று கேட்டால் அதற்குப் பதில் உண்டு. கீழே உள்ளது எல்லாம் அதுதான்.

2. கான்ட்ராஸ்ட்னா எதிர் எதிர் கலர்தானே? நீலத்துக்கு ஆரஞ்சு, சிவப்புக்குப் பச்சை மாதிரி?

அது மூன்றில் ஒரு வகை. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-ல் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு கலருக்கும் மூன்று குணங்களைப் பிரித்தார். எந்தக் குடும்பம் (நீலமா, மஞ்சளா), எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு பளிச் அல்லது மங்கல். இரண்டு கலர்கள் இந்த மூன்றில் எதில் வேண்டுமானாலும் மாறுபடலாம். ஒரே நீலக் குடும்பத்தில் வான்நீலமும் கருநீலமும் எடுத்தாலும் அது நல்ல கான்ட்ராஸ்ட்தான்.

சுவரைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது வெளிர்-அடர் வித்தியாசத்தை. அடுத்து பளிச்-மங்கல். குடும்பம் மூன்றாவது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பச்சையா நீலமா என்று ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு, இரண்டும் ஒரே அடர்த்தியில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் "என்னமோ டல்லா இருக்கு" என்று போன் வரும்.

3. ஷேட் கார்டுக்குப் பின்னாடி எல்.ஆர்.வி-ன்னு ஒரு நம்பர் இருக்கே, அது எதுக்கு?

அந்தக் கலர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. ஒன்றுமே திருப்பாத முழுக் கறுப்பு 0, எல்லாவற்றையும் திருப்பும் முழு வெள்ளை 100. நடைமுறையில் இந்த இரண்டு எல்லையையும் எந்தப் பெயிண்டும் தொடாது. நல்ல வெள்ளைகள் 80-க்கு மேல் நிற்கும். கறுப்பு என்று விற்பது 5-க்குக் கீழே இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. நம்பர் 50 என்றால் நடுத்தரம் என்று நினைப்போம். நம் கண்ணுக்கு நடுத்தரச் சாம்பலாகத் தெரிவது 18, 20 பக்கம்தான்; 50 என்பது வெளிர் கலராகவே படும். அதனால் அடர் பக்கத்தில் 10 புள்ளி வித்தியாசம் பெரிய விஷயம், வெளிர் பக்கத்தில் அதே 10 புள்ளி சின்ன விஷயம். 10-க்கும் 20-க்கும் நடுவே கண் பார்க்கும் இடைவெளி, 70-க்கும் 80-க்கும் நடுவே இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

4. சரி, ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தா போதும்?

அறையைப் பார்த்ததும் "இங்கே இரண்டு கலர்" என்று தெரிய வேண்டும் என்றால் 30 புள்ளியாவது இருக்கட்டும். இது என் சொந்தக் கணக்கு மட்டுமில்லை. பார்வைக் குறைவு உள்ளவர்கள் சுவரையும் கதவையும் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகப் பிரிட்டனின் கட்டட வழிகாட்டுதலிலும் இதே 30 புள்ளிதான் சொல்லப்படுகிறது.

மென்மையாக வேண்டும் என்றால் 15, 20 போதும். 5, 6 புள்ளி மட்டும் வைத்து, குடும்பமும் ஒன்றாக இருந்தால், பார்ப்பவர் பெயிண்ட் தீர்ந்துபோய் வேறு டப்பா வாங்கினீர்களா என்று கேட்பார். எதிர்ப்பக்கமும் உண்டு: 85 உள்ள கலருக்குப் பக்கத்தில் 6 உள்ளதை வைத்தால் அந்த அறையில் வேறு எதுவும் கண்ணில் படாது. அதுதான் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள்.

5. என் கார்டுல அந்த நம்பரே இல்லை. கண்ணாலயே பார்க்க வழி இருக்கா?

இரண்டு சாம்பிளையும் சேர்த்து வைத்துப் போனில் படம் எடுங்கள். எடிட்டில் போய்க் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர்-அடர் வித்தியாசம் இல்லை என்று அர்த்தம். பத்து விநாடி வேலை. இதைச் செய்து பார்த்துவிட்டுத் தன் முடிவை மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். செங்கல் நிறமும் இலைப்பச்சையும் கலரில் பகை மாதிரி இருக்கும், கறுப்பு-வெள்ளையில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

போன் இல்லாத பழைய வழி, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது. இமை இடுக்கு வழியாகப் பார்க்கும்போது கலர் மங்கி, வெளிச்ச வித்தியாசம் மட்டும் மிஞ்சும்.

6. கார்டுல பார்த்தது ஒண்ணு, சுவத்துல வந்தது ஒண்ணு. மாத்திக் கொடுத்துட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. தீப்பெட்டி அளவு சதுரத்தை வெள்ளைக் கார்டில் பார்ப்பதும், அதே கலர் நான்கு பக்கமும் சூழ்ந்து நிற்பதும் ஒன்றல்ல. ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுகிறது, அங்கிருந்து மறுபடி இங்கே வருகிறது. ஒவ்வொரு முறையும் கலர் கொஞ்சம் கூடும். அதனால்தான் கார்டில் இளமஞ்சளாக இருந்தது அறையில் கண்ணைக் குத்துகிறது. மஞ்சளில் இது ரொம்பவே அதிகம். கார்டில் பிடித்த மஞ்சளைவிட ஒரு படி மங்கலாக எடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். பாதிப் பேர் கேட்பதில்லை.

இன்னொன்று, ஈரத்தில் பார்த்துப் பதறாதீர்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்த மாதிரி வெளிறித் தெரியும், காய்ந்ததும் அடர்ந்துவிடும். முதல் கோட்டில் கீழே இருக்கும் பழைய கலர் வேறு எட்டிப் பார்க்கும். இரண்டாவது கோட் அடித்து முழுக்கக் காயும் வரை தீர்ப்பு வேண்டாம்.

7. அப்போ சாம்பிள் எப்படித்தான் பார்க்கணும்?

சுவரில் நேராகத் திட்டு அடிக்காதீர்கள். பழைய கலர் சுற்றி நின்று கண்ணைக் குழப்பும். கெட்டி வெள்ளை அட்டையோ மெல்லிய பலகையோ இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் நல்லது. ஒவ்வொன்றிலும் ஒரு கலர், இரண்டு கோட், ஓரம் வரை. எந்த மினுமினுப்பில் வாங்கப் போகிறீர்களோ அதே வகையில் அடிக்க வேண்டும். காய்ந்ததும் சுவரில் சாய்த்து வையுங்கள். பலகையாக இருப்பதன் வசதி, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்: ஜன்னலுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு எதிரில், இருட்டு மூலையில். மூலையில் இரண்டையும் செங்குத்தாக முட்டவைத்துப் பாருங்கள். சுவர்கள் சந்திப்பது அப்படித்தான், தட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் அல்ல.

ஒரு நாள் முழுக்கப் போகிற போக்கில் பாருங்கள். உட்கார்ந்து முறைத்துப் பார்த்தால் கண் பழகிவிடும், எல்லாமே சரியாகத் தோன்றும். ஒரு வீட்டில் கடுகு மஞ்சளும் சாம்பலும் இப்படி வைத்திருந்தோம். காலையில் சாம்பல் சாம்பலாகவே இருந்தது. சாயங்காலம் வெயில் தரையில் பட்டு மேலே எழும்பியபோது மஞ்சள் பலகை எரிவது மாதிரி ஆனது, பக்கத்துச் சாம்பலில் ஊதா ஏறிவிட்டது. வீட்டுக்காரம்மா போய் மஞ்சளை மட்டும் எடுத்து மறைத்தார். சாம்பல் திரும்பி வந்தது. மறுபடி வைத்தார், ஊதா. நாலு முறை வைத்து எடுத்துச் சிரித்துவிட்டு, "இது வேண்டாம்" என்றார். இரண்டு அட்டை செலவில் ஒரு சுவர் தப்பித்தது.

8. அந்தச் சாம்பல் எப்படி ஊதாவாச்சு? கண்ணு கோளாறா?

கோளாறு இல்லை, எல்லார் கண்ணும் அப்படித்தான். ஒரு பலமான கலரின் பக்கத்தில் இருப்பதன்மேல் அதன் எதிர்க்கலரைக் கண் ஏற்றிவிடும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா-நீலச் சாயல், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சைச் சாயல். சாம்பல், வெள்ளை போன்ற அமைதியான கலர்கள்தான் அதிகம் அகப்படும்.

மிஷேல் யூஜீன் செவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்து வந்தார். கறுப்புச் சாயம் அழுத்தமில்லாமல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குற்றமில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும் அதைக் கெடுத்தன. இதை விரிவாக எழுதி 1839-ல் வெளியிட்டார். நமக்கு இதில் கிடைப்பது: ஒரு கலர் தவறாகத் தெரிந்தால் அதையே மாற்றிக்கொண்டிருக்காமல் பக்கத்துக் கலரையும் சந்தேகப்படுங்கள். மஞ்சளோடு சாம்பல் வேண்டும் என்றால், லேசாக மஞ்சள் கலந்த சாம்பலை எடுங்கள். ஏறும் ஊதாவை அது அடக்கிவிடும்.

9. சிவப்பும் நீலமும் பக்கத்துல வச்சா ஓரம் நடுங்குது. ஏன்?

இரண்டும் பளிச்சென்று இருந்து, வெளிர்-அடர் அளவும் ஒன்றாக இருந்தால் எல்லைக்கோட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது. 5-ஆம் கேள்வியின் கறுப்பு-வெள்ளைச் சோதனை இதை உடனே காட்டிக்கொடுக்கும். ஒன்றை அடர்த்தியாக்குங்கள், அல்லது ஒன்றை மங்கலாக்குங்கள். இரண்டையும் விட மனசில்லை என்றால் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையாவது விடுங்கள்.

10. ஒண்ணு வெள்ளைதானே, அதுல பார்க்க என்ன இருக்கு?

அதில்தான் அதிகம் பார்க்க இருக்கிறது. வெள்ளை என்று விற்பதில் மஞ்சள் கலந்தது, ரோஸ் கலந்தது, பச்சை கலந்தது, நீலம் கலந்தது என்று எத்தனையோ. தனியாகப் பார்த்தால் எல்லாம் வெள்ளை. எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டிப் பிடித்தால் குட்டு வெளிப்படும். கார்டில் அதே வரிசையில் மிக அடர்ந்த கட்டத்தைப் பார்ப்பதும் ஒரு வழி. வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் குடும்பம் அங்கே வெளிச்சமாகத் தெரியும்.

கருநீலத்தோடு மஞ்சள் சாயல் வெள்ளையை வைத்தால் வெள்ளை இன்னும் மஞ்சளாகும், பழசாகிப்போன மாதிரி. காரணம் 8-ல் சொன்னதுதான். செங்கல் நிறத்தோடு நீலச் சாயல் வெள்ளை வைத்தால் ஆஸ்பத்திரிச் சுவர் ஞாபகம் வரும்.

11. பகல்ல அருமையா இருக்கு, ராத்திரி லைட் போட்டா அழுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிடுது. என்ன பண்ண?

முதலில் பல்பு டப்பாவைப் பாருங்கள். 2700 கெல்வின் என்றால் மஞ்சள் வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் செங்கல், கடுகு மஞ்சள் எல்லாம் செழிக்கும். வெளிர்நீலமும் ஊதாவும் சாம்பலாகிச் சோர்ந்துவிடும். 6500-ல் அது தலைகீழ். சூடான கலர் ஒன்று, குளிர்ச்சியான கலர் ஒன்று என்று ஜோடி சேர்த்தவர்களுக்கு நடுவில் இருக்கும் 3500, 4000 ஓரளவு இருவருக்கும் நியாயம் செய்யும்.

அதே டப்பாவில் சி.ஆர்.ஐ என்று இன்னொரு எண் இருக்கும். கலர்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் மதிப்பு, 100 உச்சம். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. மட்டமான எல்.இ.டி-யில் சிவப்புக் குடும்பம் செத்துப்போகும். சுவரை மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், விளக்கு போடுவதற்கு முன்னான அந்தி நேரம் தனிக் கதை. வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு சீக்கிரம் கறுக்கும், நீலம் தாக்குப்பிடிக்கும். செக் ஆய்வாளர் யான் புர்கின்யே பூக்களில் இதைக் கவனித்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். மாலையில் மட்டும் சிவப்புச் சுவர் அழுக்காகத் தெரிந்தால் பெயிண்டைத் திட்டாதீர்கள்.

12. எந்தக் கலரை எந்தச் சுவத்துக்குக் கொடுக்கிறது?

அடர்ந்ததை, உள்ளே நுழைந்ததும் எதிரில் தெரிகிற, கதவு ஜன்னல் குறைவான சுவருக்குக் கொடுங்கள். துண்டு துண்டாக வெட்டுப்பட்ட சுவரில் அடர் கலர் அடித்தால் சுவர் தெரியாது, ஓட்டைகள்தான் தெரியும்.

ஜன்னல் இருக்கும் சுவர் வெளிர் கலரில் இருக்கட்டும். வெளிச்சம் அதன் வழியாக வருகிறதே தவிர அதன்மேல் விழுவதில்லை. அந்தச் சுவர் ஏற்கெனவே நிழலில் நிற்கிறது. அதையும் அடர்த்தியாக்கினால் பளீர் ஜன்னலும் இருட்டுச் சுவரும் சேர்ந்து கண் கூசும்.

13. அடர் கலர் அடிச்சா ரூம் சின்னதாத் தெரியும்ங்கிறாங்களே?

நாலு சுவரும் அடர்த்தியாக இருந்தால் பொதுவாக அப்படித்தான். ஒரு சுவர் மட்டும் என்றால் அது எந்தச் சுவர் என்பதைப் பொறுத்தது. நீளமான, குறுகலான அறையின் கடைசிச் சுவரை அடர்த்தியாக்கினால் அது முன்னால் நகர்ந்து வருவது போலத் தோன்றி அறையின் விகிதம் சரியாகும். பக்கச் சுவர்களை அடர்த்தியாக்கினால் இன்னும் ஒடுங்கும். கூரை தாழ்வாக இருந்தால் அது சுவரைவிட வெளிராக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வெளிச்சமே வராத சின்ன அறை என்றால் நான் எதிர்த்திசையில் யோசிப்பேன். வெள்ளை அடித்தாலும் திருப்பி அனுப்ப அங்கே வெளிச்சம் இல்லை. வெள்ளை சாம்பலாகத்தான் நிற்கும். அங்கே துணிந்து அடர் கலர் அடித்து நல்ல விளக்கு போடுவது மேல்.

14. 60-30-10 கணக்கை அப்படியே பின்பற்றணுமா?

அறையில் முக்கியக் கலர் 60 சதவீதம், துணைக் கலர் 30, சின்னச் சின்ன அலங்காரக் கலர் 10 என்ற கணக்கைத்தானே கேட்கிறீர்கள்? அப்படியே வேண்டாம். ஒரு கலர் எஜமானாக இருக்கட்டும், மற்றது துணையாக இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். சரிபாதியாகப் பிரிக்காதவரை நல்லது. சதவீதத்தை அளந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை.

15. மேல ஒரு கலர், கீழ ஒரு கலர் அடிக்கலாமா? எங்க கோடு போடுறது?

அடிக்கலாம். நட்டநடுவில் மட்டும் கோடு போடாதீர்கள், சுவர் இரண்டாக உடைந்த மாதிரி இருக்கும். தரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அல்லது ஜன்னலின் கீழ்விளிம்போடு சேர்த்து ஒரே கோடாக ஓடவிடுங்கள். அடர்ந்தது கீழே. கை, நாற்காலி, பை எல்லாம் உரசுவதும் அங்கேதான். சுவிட்ச் போர்டின் நடுவில் கோடு வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அழகாக அடித்தாலும் அந்த ஒரு போர்டு உங்கள் நிம்மதியைக் கெடுக்கும்.

16. ஒரு கலர் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிற இடம் எது?

உள்மூலை. வெளிமுனையில் நிறுத்தாதீர்கள். நான் வேலைக்குப் புதிதில் ஒரு தூணின் வெளிமுனையில் கலரை நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கமிருந்து பார்த்தால் நேர்க்கோடு; மறுபக்கம் போய்ப் பார்த்தால் ரம்பப்பல். தூண் என்பது கெட்டியான பொருளாகத் தெரியாமல், காகிதம் ஒட்டிய பெட்டி மாதிரி தெரிந்தது. முனை இடிபட்டு உதிரும்போது இரண்டு கலரையும் தொட்டுச் சரிசெய்ய வேண்டியும் வந்தது.

உள்மூலையும் எப்போதும் நேராக இருக்காது. முதலில் வெளிர் கலரை அடித்து மூலையைத் தாண்டி அடுத்த சுவரில் கொஞ்சம் வழியவிட வேண்டும். காய்ந்த பிறகு அடர் கலரால் கோட்டை வெட்டிக்கொண்டு வரலாம்.

17. டேப் ஒட்டித்தான் அடிச்சோம். ஆனாலும் கோடு பிசிறடிக்குது.

டேப்புக்கு அடியில் இரண்டாவது கலர் கசிகிறது, அவ்வளவுதான். முதல் கலர் நன்றாகக் காய்ந்தபின் டேப்பை ஒட்டி, பட்டித் தகட்டால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பிறகு டேப்பின் விளிம்பில் முதல் கலரையே மெல்ல ஒரு தடவு தடவுங்கள். கசிந்தால் அதே கலர்தானே கசியும்? இடுக்கும் அடைபட்டுவிடும். அது காய்ந்தபின் இரண்டாவது கலர். கோடு கத்தி போட்ட மாதிரி வரும்.

கடைசிக் கோட் ஈரம் முழுக்க உலர்வதற்குள், டேப்பைத் தன்மேலேயே மடக்கிச் சாய்வாக மெதுவாக உரியுங்கள். ஒருமுறை மூன்று நாள் கழித்து உரித்தேன். பெயிண்டோடு பட்டியும் சேர்ந்து பட்டையாக வந்தது.

18. ஒண்ணு மேட், ஒண்ணு சாட்டின்னு கலந்து அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் தெரிந்து செய்யுங்கள். மேட் என்பது பளபளப்பே இல்லாதது, சாட்டின் லேசாக மினுங்குவது. மினுமினுப்பு கூடினால் அதே கலர் அடர்ந்தும் செறிந்தும் தெரியும். மேட்டில் கொஞ்சம் வெளிறும். கருமையான சுவருக்கு மேட் பார்வையாக இருக்கும், சுவரின் மேடு பள்ளத்தையும் மறைக்கும். ஆனால் கை பட்டுத் தேய்ந்த இடம் பளபளப்பாகி வெள்ளைக் கோடு விழும். பிள்ளைகள் ஓடும் நடைவழியில் வேண்டாம்.

19. சிவப்பு நாலு கோட் ஆகியும் திட்டுத் திட்டாத் தெரியுது. மத்த சுவர் ரெண்டு கோட்டுல முடிஞ்சுது. பெயிண்ட் மட்டமா?

பெயிண்ட்டின் மறைக்கும் சக்தி முக்கியமாக டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியிலிருந்து வருகிறது. வெளிர் கலர்களில் அது தாராளமாக இருக்கும். பளிச் சிவப்பு, பளிச் மஞ்சள் போன்றவற்றில் அதைச் சேர்த்தால் கலர் ரோஸாகவோ வெளிறியோ போய்விடும் என்பதால், அந்தப் பொடி மிகக் குறைவான பேஸில்தான் (கலர் சேர்ப்பதற்கு முன் இருக்கும் அடிப்படைப் பெயிண்ட்) கலக்குகிறார்கள். அதனால் அடியில் இருப்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

சிவப்பு போன்ற அடர் கலருக்குக் கீழே சாம்பல் கலந்த பிரைமர் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று கோட்டில் நிறைந்துவிடும். மஞ்சளுக்கு மட்டும் வெள்ளைப் பிரைமர். சாம்பல் அடித்தால் மஞ்சள் பச்சையாகத் தெரியும்.

20. ரெண்டு கலர்னா எவ்வளவு வாங்குறது?

நல்ல சமமான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்று வையுங்கள். நாலு சுவரும் 42 சதுர மீட்டர். அதில் 4 மீட்டர் சுவர் ஒன்று அடர் கலர், 12 சதுர மீட்டர். மூன்று கோட்டுக்கு மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மீதி 30-ல் கதவும் ஜன்னலும் போக 27. இரண்டு கோட்டுக்கு ஐந்தரை லிட்டர். சின்னச் சுவர்தானே என்று அடர் கலரைக் குறைத்து வாங்குவார்கள். கோட் எண்ணிக்கை கூடுவதால் தீர்ந்துபோவது அதுதான்.

ஒரே கலரில் இரண்டு டப்பா வந்தால் பெரிய வாளியில் இரண்டையும் கொட்டிக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் இருக்கலாம், சுவரின் நடுவில் தெரிந்தால் வம்பு.

21. ஒரு கம்பெனி ஷேடை இன்னொரு கம்பெனியில கலக்கித் தரச் சொன்னா அச்சு அசலா வருமா?

கடை வெளிச்சத்தில் வரும். இரண்டு நிறுவனங்களும் வேறு வேறு நிறமிகளைக் கொண்டு அதே கலரை எட்டுகின்றன. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு கலவைகள் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். தனிச் சுவருக்கு என்றால் பரவாயில்லை. பழைய சுவரில் பாதியை அதோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்; மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் ஒரே டப்பாவில் அடியுங்கள்.

22. அப்பாவுக்கு வயசாச்சு, தம்பிக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் தெரியாது. அவங்களுக்கும் சரியா வர்ற மாதிரி கான்ட்ராஸ்ட் உண்டா?

உண்டு, பதில் 2-லும் 4-லும் பாதி இருக்கிறது. சிவப்பு-பச்சைக் குழப்பம் அரிதல்ல. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு உண்டு. பெண்களிடம் மிகக் குறைவு. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, நீலக் குடும்பத்துக்குள் இருக்கும் மெல்லிய வித்தியாசங்கள் அழிந்துபோகும். இருவருக்கும் மிஞ்சுவது வெளிர்-அடர் வித்தியாசம். அதனால் அவர்கள் புழங்கும் அறையில் கலர் எதுவானாலும் 30 புள்ளியைக் காப்பாற்றுங்கள்.

அதைவிட முக்கியமாக, அந்த வித்தியாசத்தை வேண்டிய இடத்தில் வையுங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே, சுவிட்ச் போர்டுக்கும் சுவருக்கும் நடுவே. படிக்கட்டு வளையும் இடத்தில் இரண்டு கலர் கோலம் போட்டால் படி எது சுவர் எது என்று கால் தடுமாறும்.

23. எனக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு, அவருக்கு எதிர்க்கலர் பிடிச்சிருக்கு. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

மாட்டேன். ஆனால் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, மற்றவர் கலரில் எது உறுத்துகிறது என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். "ரொம்ப இருட்டு", "கண்ணைக் குத்துது" என்றுதான் முக்கால்வாசி வரும். "பச்சையே வேண்டாம்" என்று அரிதாகத்தான் வரும். அதாவது சண்டை குடும்பத்தில் இல்லை, அடர்த்தியிலும் பளிச்சிலும் இருக்கிறது. அவர் கேட்ட பச்சையை இரண்டு படி மங்கலாக்கி, நீங்கள் கேட்ட வெளிர் கலரை எஜமானாக வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். படியவில்லை என்றால் வீட்டில் அறைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றனவே.

24. எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு. இப்போ பார்த்தா பிடிக்கலை. திரும்பவும் முதல்லேருந்தா?

அவசரப்படாதீர்கள். காலி அறையில் எந்தக் கான்ட்ராஸ்டும் கத்தும். சாமான்களைத் திரும்ப வையுங்கள், திரைச்சீலையை மாட்டுங்கள், பல்பை மாற்றிப் பாருங்கள் (11). ஒரு வாரம் போகட்டும்.

அதற்கப்புறமும் உறுத்தினால் இரண்டையும் மாற்றத் தேவையில்லை. 8-ல் சொன்னபடி, குற்றவாளி எது என்று கண்டுபிடியுங்கள்: பெரிய வெள்ளைத் துணியால் அடர் சுவரை மூடிவிட்டு மற்றச் சுவர்களைப் பாருங்கள். அவை இப்போது சரியாகத் தெரிந்தால் அடர் கலர் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், ஒரு சுவர் வேலை. அடர்ந்ததன்மேல் வெளிர் கலர் அடிப்பதாக இருந்தால் நேராக அடிக்காமல் ஒரு கோட் வெள்ளைப் பிரைமர் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். புதுக் கலர் சாம்பிளைப் பலகையில் அடித்து, மூடிய துணிக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் எழுந்ததும் முதல் பார்வையில் என்ன தோன்றுகிறதோ, அதை எழுதி அனுப்புங்கள்.